புகைக்கு எதிரான சாட்சி நம் மாவட்டத்திலிருந்தே

(நமது பள்ளிவாசலில் நடைபெற்ற உடல்நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

புகைப்பழக்கமும் இதய நோயும் என்னும் தலைப்பில் பேசுமாறு நிர்வாகம் என்னைப் பணித்தபோது, இதை ஒரு மருத்துவரிடம் ஒப்படைத்திருக்கலாமே என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆனால் மருத்துவர்கள் சொல்ல வேண்டியதை அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லி வருகிறார்கள். அரசாங்கமோ சிகரெட் பெட்டியின் மேலேயே படம் போட்டுச் சொல்லிவிட்டது. இவ்வளவையும் கேட்டு, பார்த்து, தலையையும் ஆட்டிவிட்டு, கடைசியில் இமாமிடம் வந்து ஒரு கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள். "ஹள்ரத், பீடி சிகரெட் ஹராமா, மக்ரூஹா?" மக்ரூஹ் என்று சில கிதாபுகளில் எழுதியிருக்கிறது என்று பதில் சொன்னால் அவர்களுடைய முகம் மலர்கிறது. அனுமதிச் சீட்டு கையில் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையை நோக்கி நடக்கிறார்கள். அந்தச் சீட்டு இன்றும் செல்லுமா என்பதைத்தான் நான் பேசப்போகிறேன். அந்த விசாரணை நம்மை இதய நோய்க்கும், நம் மாவட்டத்துக் கிராமங்களுக்கும் தானாகவே கொண்டுவந்து சேர்க்கும்.

முதலில் ஒரு வரலாறு. புகையிலை நம் முன்னோர் அறிந்த பொருள் அன்று. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அந்தச் செடியைப் போர்த்துகீசியர் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். அது தக்காணத்தில் பரவிய காலத்தில், 1604-ஆம் ஆண்டை ஒட்டி, அக்பர் பாதுஷாவின் தூதராகப் பீஜப்பூர் சென்று திரும்பிய அஸத் பேக் என்பவர், மற்ற காணிக்கைகளோடு கொஞ்சம் புகையிலையையும் அழகிய புகைக்குழல் ஒன்றையும் கொண்டுவந்து பாதுஷாவின் முன் வைத்தார். (நம் செஞ்சிக் கோட்டையை 1649-இல் கைப்பற்றிய அதே பீஜப்பூர்தான். நம் ஊரின் வரலாற்றுக்கும் புகையிலையின் வரலாற்றுக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு இருக்கிறது.) பாதுஷா இரண்டொரு முறை இழுத்துப் பார்த்தார். உடனே அரண்மனை ஹகீம் குறுக்கிட்டார். நம்முடைய அறிஞர்கள் சோதித்துப் பார்க்காத ஒன்றை, பறங்கியர் செய்கிறார்கள் என்பதற்காக நாம் ஏன் ஏற்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அஸத் பேக் விடாமல் எதிர்வாதம் செய்தார். ஆனாலும் பாதுஷா அதைப் பழக்கமாக்கிக்கொள்ளவில்லை. அவருடைய பிரபுக்கள் பழகிக்கொண்டார்கள், வணிகர்கள் விற்கத் தொடங்கினார்கள். மகன் ஜஹாங்கீர் 1617-இல் தடை ஆணை பிறப்பித்தும் பயனில்லாமல் போயிற்று.

அதே நூற்றாண்டில் அரபு நாடுகளிலும் இந்தப் புதிய பொருள் நுழைந்தது. மார்க்க அறிஞர்களுக்குப் பெரிய சோதனையாயிற்று. ஆதார நூல்கள் எதிலும் பெயர் சொல்லிப் பேசப்படாத ஒரு பொருளுக்கு என்ன சட்டம் சொல்வது? எகிப்தின் இப்ராஹீம் அல்லகானீ (ரஹ்) அவர்கள் கூடாது என்று எழுதினார்கள். அதே எகிப்தில், அதே மாலிகி மத்ஹபைச் சேர்ந்த அலீ அல்உஜ்ஹூரீ (ரஹ்) அவர்கள் கூடும் என்று எழுதினார்கள். ஹிஜ்ரி 1143-இல் மறைந்த திமிஷ்க் நகரத்து ஹனஃபி அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலூஸீ (ரஹ்) அவர்கள் கூடும் என்பதற்குத் தனி நூலே எழுதினார்கள். மதரஸாக்களில் நாங்கள் 'ஷாமீ' என்று அழைக்கும் பெருநூலில் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் இந்த வாதங்களையெல்லாம் தொகுத்துத் தந்திருக்கிறார்கள். இன்று நம்மிடம் சீட்டுக் கேட்டு வருகிறவர்கள், தம்மை அறியாமலேயே, நாபுலூஸீ அவர்களின் நிழலில்தான் ஒதுங்குகிறார்கள்.

ஆனால் அந்தப் பெரியவர் எதன் மேல் நின்று அப்படிச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். புகையிலை போதை தருவதாக நிறுவப்படவில்லை, எல்லோருக்கும் தீங்கு தருவதாகவும் நிறுவப்படவில்லை, ஆகவே பொருட்களின் மூலநிலை அனுமதியே என்ற விதி இதற்கும் பொருந்தும் என்றார்கள். ஒருவருக்குத் தீங்கு செய்தால் அவருக்கு மட்டும் அது கூடாது, தேன்கூடப் பித்த உடம்புக்காரருக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதற்காகத் தேனை ஊருக்கே தடுக்க முடியுமா என்பது அந்த வாதத்தின் போக்கு. அன்றைக்கு அது வலுவான வாதம். கூடும் என்றவர்களும் கூடாது என்றவர்களும் ஒரே தரையில் நின்றார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். தீங்கு உறுதியானால் தடையும் உறுதி என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தீங்குக்குச் சாட்சி உண்டா என்பதில்தான் வேறுபட்டார்கள். புகைப்பவரையும் புகைக்காதவரையும் ஆயிரக்கணக்கில் அருகருகே நிறுத்தி எண்ணிப் பார்க்கும் வழி அந்தக் காலத்தில் எவரிடமும் இல்லை. அக்பரின் ஹகீம் கேட்ட சோதனை இன்னும் நடக்கவில்லை.

அது நடக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இங்கிலாந்தில் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இருவர் 1950-இல் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினர். டால் அவர்களே அதுவரை புகைத்துவந்தவர். தம் கையாலேயே சேர்த்த கணக்கைக் கண்டதும் நிறுத்திவிட்டார். 1951-இல் அந்நாட்டு மருத்துவர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதி, பதில் தந்த ஏறக்குறைய 40,000 பேரின் புகைப்பழக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதன்பின் யார் எதனால் இறக்கிறார்கள் என்று 50 ஆண்டுகள் கணக்கு வைத்தார்கள். அதன் முடிவைப் பிறகு சொல்கிறேன். ஏனென்றால் இதைக் கேட்டதும் நம்மவர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். அது வெள்ளைக்காரன் உடம்பு, குளிர்ந்த நாடு, அவன் குடிக்கிற சிகரெட் வேறு, நம் பாட்டனார் பீடி குடித்து எண்பது வயது வரை வாழவில்லையா என்பார்கள்.

ஆகவே வெளிநாட்டுச் சாட்சியை ஒதுக்கி வையுங்கள். உள்ளூர்ச் சாட்சியை அழைப்போம்.

1990-களின் பிற்பகுதியில், சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமி அவர்கள் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. மூளை நரம்பு அறுவை மருத்துவத்தில் புகழ்பெற்ற டாக்டர் டி.எஸ்.கனகா அவர்களும், டால் அவர்களோடு பணியாற்றிய ரிச்சர்டு பீட்டோ அவர்களும், பிரபாத் ஜா அவர்களும் அதில் பங்கேற்றனர். நகரத்திற்குச் சென்னையை எடுத்துக்கொண்டார்கள். கிராமப்புறத்திற்கு எடுத்துக்கொண்டது நம் விழுப்புரம் மாவட்டத்தை. கள்ளக்குறிச்சி பிரிந்துபோகாத, பழைய பெரிய விழுப்புரம் மாவட்டம்.

நம் கிராமங்களில் இறப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இறக்கிறார்கள். மருத்துவச் சான்று இருக்காது. நெஞ்சு வலித்தது, விழுந்தார், போய்விட்டார் என்பதோடு முடிந்துவிடும். எனவே அவர்கள் பயிற்சி பெற்ற பணியாளர்களை இறந்தவரின் வீட்டுக்கே அனுப்பினார்கள். மனைவி, மகன், சகோதரர் என்று உடனிருந்தவர்களிடம், கடைசி நாட்களில் என்ன நடந்தது, இருமல் எவ்வளவு காலம் இருந்தது, சளியில் இரத்தம் கண்டதா, வலி எங்கே தொடங்கி எங்கே பரவியது என்றெல்லாம் விசாரித்து, அதிலிருந்து இறப்பின் காரணத்தை மருத்துவர்கள் நிர்ணயித்தார்கள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்கள். அவர் புகைத்தாரா?

சாட்சியத்தை விசாரிப்பதற்கு மதரஸாவில் நாங்கள் பல நிபந்தனைகளைப் படிக்கிறோம். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது அவற்றுள் முதன்மையானது. இறந்தவர்களில் பலர் புகைத்தார்கள் என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. உயிரோடிருப்பவர்களிலும் அதே அளவு பேர் புகைக்கலாம் அல்லவா? ஆய்வாளர்கள் இதை மறக்கவில்லை. நோயினால் இறந்த ஆண்கள் நகரத்தில் 27,000 பேர், கிராமப்புறத்தில் 16,000 பேர், ஆக 43,000 பேரின் பழக்கத்தை, ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட நகரத்தார் 20,000 பேர், கிராமத்தார் 15,000 பேர், ஆக 35,000 பேரின் பழக்கத்தோடு வயது வாரியாக ஒப்பிட்டார்கள். 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'லான்செட்' என்னும் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் அது வெளியாயிற்று.

அதில் கண்டது என்ன? நகரத்தில் 25 முதல் 69 வயதுக்குட்பட்ட ஆண்களில், புகைத்தவர்கள் நோயினால் இறக்கும் வீதம் புகைக்காதவர்களைப் போல இரண்டு மடங்கு. காசநோயால் இறப்பது நான்கரை மடங்கு. இதயம், இரத்தக் குழாய் சார்ந்த நோய்களால் இறப்பது ஏறத்தாழ 1.8 மடங்கு. அதாவது புகைக்காதவர் நூறு பேர் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் போகிற இடத்தில் புகைத்தவர் நூற்று எண்பது பேர் போகிறார்கள். புகைத்ததால் கூடுதலாக நேர்ந்த இறப்புகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த இதய, இரத்தக் குழாய் நோய்களால் நேர்ந்தது. பீடியே பெருவழக்காக உள்ள நம் கிராமப்புறக் கணக்கும் பெரும்பாலும் இதே பக்கம்தான் சாய்ந்தது. சிகரெட்டோ பீடியோ புகைப்பவர்களில் சுமார் நான்கில் ஒருவர் 25-க்கும் 69-க்கும் இடைப்பட்ட வயதிலேயே புகையிலையால் கொல்லப்படுவார், அப்படிப் போகிறவர் சராசரியாக 20 ஆண்டு வாழ்வை இழக்கிறார் என்று அவர்கள் முடிவு கூறினார்கள்.

சகோதரர்களே, இந்தச் சாட்சியைச் சொன்னவர்கள் யார்? நம் மாவட்டத்து விதவைகளும் அநாதைகளும். அவர்களுடைய கூடத்தில் அமர்ந்து, அவர்களுடைய வாய்மொழியைக் கேட்டு எழுதிய கணக்கு இது. எண்பது வயது வரை வாழ்ந்த பாட்டனாரை நாம் நினைவு வைத்திருக்கிறோம், ஏனென்றால் அவர் நம் கண் முன்னால் வாழ்ந்தார். நாற்பத்தைந்தில் போன அவருடைய தம்பியை மறந்துவிட்டோம். அடக்கஸ்தலத்தில் அடங்கியிருப்பவர் திண்ணைக்கு வந்து வாதாட மாட்டார். எண்ணிப் பார்த்தவர்கள்தாம் அவருக்காகவும் பேசினார்கள்.

ஆக, நாபுலூஸீ (ரஹ்) அவர்கள் எது நிறுவப்படவில்லை என்றார்களோ அது நிறுவப்பட்டுவிட்டது. அவர்களுடைய ஃபத்வாவின் முடிவைப் பிடித்துக்கொண்டு அதன் நிபந்தனையை விட்டுவிடுவது அவர்களைப் பின்பற்றுவதாகாது. இதனால்தான் 1995-இல் மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு புகைப்பதை ஹராம் என்று அறிவித்தது. 2010-இல் இந்தோனேசியாவின் முஹம்மதிய்யா அமைப்பும் அவ்வாறே அறிவித்தது. நம் நாட்டு உலமாக்களில் பலர் இன்னும் மக்ரூஹ் என்ற சொல்லோடு நிற்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் மக்ரூஹ் என்பது வெறுக்கப்பட்டது என்று பொருள்படுமே தவிர, விரும்பிச் செய்யலாம் என்று பொருள்படாது. என்னைக் கேட்டால், தன் உடம்புக்குத் தீங்கு என்று தெரிந்தே செய்பவருக்கு இனி சீட்டு எதுவும் எழுதித் தர நான் ஆயத்தமாக இல்லை.

இனி, புகை நெஞ்சுக்குள் என்ன செய்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் அந்த உறுப்புக்கே இரத்தம் தருபவை, தொடக்கத்திலேயே சில மில்லிமீட்டர் அகலம் மட்டுமே உள்ள தமனிகள். புகையிலுள்ள நிகோடின் இதயத்தை வேகமாக ஓட்டி, இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. வேகமாக ஓடுகிறவனுக்குக் கூடுதல் காற்று வேண்டும். ஆனால் அதே புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜனின் இடத்தை அடைத்துவிடுகிறது. மாட்டை விரட்டிக்கொண்டே அதன் தீனியைப் பறிப்பது போன்றது இது. இவை போதாதென்று தமனியின் உட்பூச்சு புண்ணாகிறது, அதில் கொழுப்புப் படிகிறது, இரத்தம் எளிதில் உறையும் தன்மையைப் பெறுகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழி முழுதும் அடைபட்டால் அதுதான் மாரடைப்பு.

பீடி இலேசானது என்பது நம்மிடையே உள்ள பெரிய மயக்கம். பீடிக்குள் இருக்கும் தூள் சிகரெட்டில் உள்ளதைவிட மிகக் குறைவுதான். ஆனால் தெந்து இலைச் சுருளுக்குள் காற்று எளிதில் புகாது. அணையாமல் காக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் உள்ளே போகும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவதில்லை. அதேபோல, நான் ஒரு நாளைக்கு ஒன்றுதான், சாப்பிட்டபின் மட்டும்தான் என்பவர்கள் இருக்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, நாளொன்றுக்கு 20 சிகரெட் குடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி, ஒன்றே ஒன்று குடிப்பவருக்கும் கூடுகிறது. நுரையீரல் எண்ணிக்கையைப் பார்க்கிறது. இதயம் அப்படிப் பார்ப்பதில்லை. ஆகவே குறைத்துக்கொள்வது இதயத்தைப் பொறுத்தவரை பெரிய இலாபம் தராது, விட்டுவிடுவதே தரும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இறைவன் ஒரு பரிசோதனைச் சாலையை இலவசமாகத் தந்திருக்கிறான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் நம் கோட்டையும் இடம் பெற்றதிலிருந்து வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். விருந்தாளிகளை ராஜகிரிக்கு அழைத்துச் செல்லும் நம்மவர்கள் தங்களையே கொஞ்சம் கவனியுங்கள். படி ஏறும்போது நெஞ்சின் நடுவில் இறுக்கமாக வந்து, உட்கார்ந்ததும் விட்டுவிடுகிற வலியை வாயு என்று தள்ளாதீர்கள். இறங்கியதும் மருத்துவரிடம் போங்கள். ஓய்வாக இருக்கும்போதே அந்த வலி வந்து, இடக்கைக்கோ தாடைக்கோ பரவி, குளிர்ந்த வியர்வையும் கண்டால் இஞ்சியும் சோடாவும் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. 108-ஐ அழையுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இங்கிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை வீட்டிலேயே இரண்டு மணி நேரம் யோசித்துவிட்டுக் கடக்கக் கூடாது.

ஆயுள் எழுதப்பட்டதுதானே, பீடி என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஷாம் நாட்டை நோக்கிப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாக வழியில் கேள்விப்பட்டதும், ஆலோசனை செய்து படையோடு திரும்பிவிட்டார்கள். இறை விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் செல்கிறோம் என்ற பொருளில் கலீஃபா அவர்கள் விடை சொன்னது உங்களுக்குத் தெரிந்ததே. தக்தீரைப் பீடிக்கு மட்டும் நினைவுகூர்கிறவர், கடையை இரவில் பூட்டாமல் போகிறாரா?

அதுவரை விட்டுவைத்த ஐம்பதாண்டுக் கணக்குக்கு இப்போது வருகிறேன். 2004-இல் வெளியான அந்த முடிவின்படி, புகைத்துக்கொண்டே இருந்த மருத்துவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள். அறுபது வயதில் விட்டவர்கள் அதில் மூன்று ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர்கள் ஆறு ஆண்டுகளையும், நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள். முப்பதில் விட்டவர்கள் ஏறக்குறைய முழுப் பத்தையும் மீட்டார்கள். இனி விட்டு என்ன பயன் என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுவே பதில். இதயம் மற்ற உறுப்புகளைவிடச் சீக்கிரம் மன்னிக்கிறது. கடைசிப் புகைக்குப் பின் இருபது நிமிடத்தில் துடிப்பு தணியத் தொடங்குகிறது. ஓரிரு நாளில் கார்பன் மோனாக்சைடு இரத்தத்தைவிட்டு நீங்குகிறது. ஓராண்டில், புகையால் கூடியிருந்த இதய நோய் ஆபத்து பாதியாகிறது. ஏற்கெனவே இதய நோய் கண்டவர்கள்கூட, அதன்பின் புகையை விட்டால், விடாதவர்களைவிட இறப்பு ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது என்று 2003-இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது. எந்த மாத்திரையும் இதைவிட அதிகம் சாதிப்பது அரிது, இதற்கோ செலவு இல்லை, மிச்சம்தான் உண்டு.

விட முடியவில்லையே என்பவர்களை நான் குறை கூறமாட்டேன். நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள். ஆனால் நம்மவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். ரமளானில் ஸஹர் முடிந்ததிலிருந்து மஃரிப் வரை பதின்மூன்று மணி நேரத்திற்கும் மேலாக நீங்கள் ஒரு பீடியையும் தொடுவதில்லை. நிகோடினின் அளவு இரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. அப்படியானால் நோன்பு திறக்கும் நேரத்தில் அது உங்கள் இரத்தத்தில் ஏறக்குறைய இல்லை. விடுதலையின் முதல் நாளில் பாதியைக் கடந்துவிட்டீர்கள், முப்பது நாளும் கடக்கிறீர்கள். பிறகு ஒரு பேரீச்சம்பழம், ஒரு குவளைக் கஞ்சி, உடனே வெளிவாசலில் தீப்பெட்டி! கரை தெரியும் தூரம் நீந்தி வந்தவர் தாமாகவே திரும்பி நீந்துவது போல இருக்கிறது. தவிப்பு உச்சத்தில் இருப்பது முதல் இரண்டு மூன்று நாட்கள்தாம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பகுதி தணிந்துவிடும். எரிச்சல், தூக்கமின்மை, பசி, கவனம் சிதறுதல் எல்லாம் அந்தக் காலத்தில் வரும், வந்தபடியே போகும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. அந்தச் சில நிமிடங்களுக்கு வேண்டிய வேலையை முன்னமே ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். வுளூச் செய்யலாம், தண்ணீர் குடிக்கலாம், எழுந்து நடக்கலாம். தேநீர்க் கடையில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் கை தானாக நீளுமோ அந்தப் பெஞ்சை ஒரு மாதத்திற்குத் தவிர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு நிகோடின் மெல்பசை, ஒட்டுப்பட்டை போன்றவற்றைப் பயன்படுத்தலாம், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கிறது. ஒருமுறை தவறினால் முழுதும் தோற்றுவிட்டதாகப் பொருளல்ல. வெற்றி பெற்றவர்களில் பலர் பலமுறை முயன்றவர்களே.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணவர் விட முயலும் நாட்களில் அவருடைய சிடுசிடுப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அது அவருடைய குணமன்று, நிகோடினின் கடைசிக் கூச்சல். வீட்டுக்குள் புகைக்க இடம் தராதீர்கள். பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கும் புகையும் இதயத்தைத் தாக்குகிறது. குழந்தையின் கையில் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பி ஒரு கட்டு வாங்கிவரச் சொல்லும் வழக்கம் நம் தெருக்களில் இன்னும் ஒழியவில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அனுப்புகிற தந்தையை அந்தச் சட்டம் தொடவில்லை என்பது வேறு விஷயம்.

ஜமாஅத்தாருக்கும் இரண்டு சொல்ல வேண்டும். நிக்காஹ் விருந்தில் வெற்றிலைத் தட்டில் சிகரெட்டை அடுக்கி வைக்கும் பழைய வழக்கம் சில குடும்பங்களில் நீடிக்கிறது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருபவர்கள் மாமனாருக்கும் மச்சானுக்கும் சிகரெட் பெட்டியை அன்பளிப்பாகக் கொண்டுவருகிறார்கள். அத்தர் கொண்டுவாருங்கள், பேரீச்சம்பழம் கொண்டுவாருங்கள். அன்புக்குரியவரின் தமனியை அடைக்கும் பொருளை ஏன் விமானத்தில் சுமந்து வருகிறீர்கள்?

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் பீடி சுற்றிப் பிழைக்கும் நம் சகோதரிகள் ஏராளம். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நாளெல்லாம் குனிந்தே சுற்றி, தூளையும் சுவாசித்து, சொற்பக் கூலி வாங்குகிறார்கள். அவர்களைப் பழிப்பதற்கு இந்த உரையை எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு தொழில் கற்றுத் தராமல் அவர்களை மட்டும் குற்றவாளியாக்குவது நீதியாகாது. தையலோ வேறு கைத்தொழிலோ கற்றுத்தர வசதியுள்ளவர்கள் தங்கள் ஜகாத்தின் ஒரு பகுதியை அந்தப் பக்கம் திருப்பலாம்.

கடைசியாக, சென்ற வாரம் ஒரு தம்பி கேட்ட மஸ்அலாவுக்கு விடை. நோன்பு நாளில் நிகோடின் ஒட்டுப்பட்டையைத் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தால் நோன்பு முறியுமா? முறியாது. தோலின் துவாரங்கள் வழியாக உறிஞ்சப்படுவது, தலையில் எண்ணெய் தேய்ப்பதைப் போல, நம் ஹனஃபி மத்ஹபின்படி நோன்பை முறிக்காது. மெல்பசை அப்படியல்ல. அதன் சாறு தொண்டைக்குள் இறங்குவதால் நோன்பு முறிந்துவிடும், அதை இஃப்தாருக்குப் பின்னரே மெல்ல வேண்டும். வேண்டுமென்றே புகையை உள்ளிழுத்தாலும் நோன்பு முறியும். இதய நோய் இருப்பவர்களும் இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்பவர்களும் ஒட்டுப்பட்டை வாங்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரமளான் பிறை தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விட விரும்பும் சகோதரர்கள் வியாழக்கிழமை இஷாவுக்குப் பின் உள்பள்ளியில் என்னைச் சந்திக்கலாம். தனியாக வர வேண்டாம், விட்டுவிட்ட ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள்.